கண்ணாடி பெரிதாக இருந்தால் மட்டும் போதாது

தொலைநோக்கியில் ஒளியைச் சேர்க்கும் கண்ணாடி பெரிதாக இருந்தால் போதும், வானம் நன்றாகத் தெரியும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. நம்ம காவலூரையே எடுத்துக்கொள்ளுங்கள், ஜவ்வாது மலையில் 1986-லிருந்து இயங்கும் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி அங்கே இருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில் இருப்பது 2 மீட்டர்தான், சேர்க்கும் ஒளியில் காவலூர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். ஆனால் ஹான்லே 4,500 மீட்டர் உயரம், காற்றில் ஈரம் மிகக் குறைவு, வானிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை விழுங்குவதே அந்த நீராவிதானே! காவலூரில் மழைக்காலம் வந்தால் ஒரே மேகம். அப்புறம் காற்றின் அசைவு. ஏலகிரியில் ஒரு இரவு என் சின்னத் தொலைநோக்கியில் சனி, தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நெளிந்துகொண்டே இருந்தது, அரை மணி கழித்துக் காற்று அடங்கியதும் அதே கருவியில் வளையம் தனியாகப் பளிச்சென்று தெரிந்தது.