உங்களுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?

முதுமையைப் பற்றி இங்கே கண்ணில் படுவதில் பாதி மாத்திரை விளம்பரம். 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், கிரீன் டீயிலிருந்து முருங்கைப் பொடி வரை விற்றுவிடும். உடலுக்குள் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற நிலையில்லாத மூலக்கூறுகள் செல்களைச் சேதப்படுத்துவதால்தான் மூப்பு வருகிறது என்று 1956-இல் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் சொன்னார். அந்த ராடிக்கல்களை அடக்குவதுதான் ஆன்டிஆக்ஸிடன்ட்; அங்கே ஆரம்பித்த கதை இது. சேதம் நடப்பது உண்மைதான். மாத்திரை அதைத் தடுக்கும் என்பதுதான் நிற்கவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு வருடக்கணக்கில் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது. விளம்பரக்காரர்களுக்கு இந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை போல.

எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. 1961-இல் அமெரிக்காவில் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. ஒன்று, லியோனார்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும் கண்டது: ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்கள் ஏறக்குறைய ஐம்பது முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன. இன்னொன்று, எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி எழுதிய 'விலகல் கோட்பாடு'. வயதாக ஆக மனிதர் மெல்லச் சமூகத்தை விட்டு விலகுகிறார், சமூகமும் அவரை விடுவிக்கிறது, இது இயல்பு, இருவருக்கும் நல்லது என்றார்கள்.

செல் நிற்பதற்கான காரணம் செல்லுக்குள்ளேயே இருந்தது. குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியர் என்ற பகுதி ஒவ்வொரு பிரிவிலும் தேய்வது அப்புறம்தான் தெரியவந்தது. மனிதர் ஒதுங்குவதற்கும் அப்படி உள்ளேயே ஒரு காரணம் இருக்கிறதா? அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் கம்மிங்கும் ஹென்றியும் திரட்டிய அதே தகவல்களை ராபர்ட் ஹேவிகர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் மறுபடி அலசினார்கள். ஈடுபாட்டோடு இருந்தவர்களே பெரும்பாலும் திருப்தியாக இருந்தார்கள். அதன் பிறகு அந்தக் கோட்பாட்டைப் பாடப்புத்தகத்தில் பழைய கதையாகத்தான் படிக்கிறார்கள்.

நம் வீடுகளில் அது ஜோராக நடக்கிறது.

என் பெரியம்மா கீரைத்தண்டை நகத்தால் கிள்ளிப் பார்த்தே முற்றலா இளசா என்று சொல்லிவிடுவார். அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தால் தெருவில் போகிற காய்கறிக்காரரோடு பேரமும் கூடவே ஓடும். கையை வெட்டிக்கொள்வாரோ என்ற பயத்தில் அரிவாள்மணை பரணுக்குப் போனது. "உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணி அன்பாகத்தான் சொன்னார். காய்கறி ஆப்பில் வர ஆரம்பித்தது, பேரம் நின்றது. "இன்னிக்கு என்ன குழம்பு?" என்று அவரை யாரும் கேட்பதில்லை. அப்புறம் நாங்களே சொன்னோம்: "பெரியம்மாவுக்கு வயசாயிடுச்சு, எதுலயும் நாட்டமில்ல."

வயதானால் வட்டம் சுருங்கத்தான் செய்யும், ஒத்துக்கொள்கிறேன். மிச்ச காலம் குறைவு என்று தோன்றும்போது, மனதுக்கு நெருக்கமானவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவது மனித இயல்பு என்கிறார் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன். நானும் நம்புகிறேன். ஆனால் அந்தத் தேர்வு அவர்களுடையது. தூரத்துச் சொந்தத்தின் கல்யாணத்துக்கு வரவில்லை என்று பெரியம்மா சொல்வதும், வருகிறாரா என்று அவரைக் கேட்காமலே நாம் மட்டும் போகக் கார் புக் பண்ணுவதும் ஒன்றா?

இது வெறும் மனவருத்தப் பிரச்சினையும் இல்லை. அமெரிக்காவின் ஓஹாயோவில் ஐம்பது வயதைத் தாண்டிய 660 பேரின் தகவல்களை ஆராய்ந்த உளவியலாளர் பெக்கா லெவி 2002-இல் ஒன்று சொன்னார்: தன் முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். அந்த நினைப்பே ஆயுளைக் கூட்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் உடல்நிலை, வசதி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் இருந்தது. 'நீ இனி எதற்கும் தேவையில்லை' என்ற சேதியைத் தினமும் நாசூக்காகக் காதில் வாங்குகிறவர், தன் வயதைப் பற்றி எப்படி நல்லவிதமாக நினைப்பார்?

முட்டி வலியா, சாப்பாட்டு மேசையில் பலகையும் கத்தியும் வையுங்கள். மறதியா, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லுங்கள். இதெல்லாம் சின்ன வேலை. பணம்தான் பெரிய விஷயம், அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அப்பாவின் பென்ஷன் அவர் பெயரில்தான் வருகிறது. ஏடிஎம் கார்டு யார் பர்ஸில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.