துப்பாக்கிச் சத்தத்துக்கு ஓடாத மான் செவிடா?

சுடும் பயிற்சித் தளத்தில் வெடிச் சத்தத்துக்கு நடுவே மான்கள் மேயும் காணொளியோடு, "சத்தத்தில் இவற்றின் காது போய்விட்டது, அதனால்தான் ஓடவில்லை" என்ற செய்தி பரவுகிறது. இந்த விளக்கம் தவறு.

அப்படி மேயும் மானின் காதைக் கவனியுங்கள். வெடிக்கும் திசைக்கு ஒரு காது லேசாகத் திரும்பும், வாய் மென்றுகொண்டே இருக்கும். பின்னால் புதரில் ஒரு சுள்ளி முறியட்டும், சட்டென்று தலை நிமிர்ந்துவிடும். செவிட்டு மானுக்கு இது நடக்காது.

காரணம் பழக்கம்தான். சத்தம் ஒரே இடத்திலிருந்து, ஒரே திசையில், திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் தனக்கு எந்தக் கேடும் வரவில்லை என்று விலங்கு கற்றுக்கொள்கிறது. அதே மான், வேட்டை நடக்கும் காட்டில் ஒற்றை வெடிக்கே பாய்ந்தோடும்.

தொலைவும் முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 160 டெசிபல் என்றால் 100 மீட்டரில் ஏறக்குறைய 120. மனிதக் காதுக்குத் திடீர் வெடியோசையின் ஆபத்து எல்லையாகக் கொள்ளப்படுவது 140. துப்பாக்கி முனைக்கு மிக அருகே நின்றால் எந்த விலங்குக்கும் காது கெடலாம், அது வேறு விஷயம்.

சத்தத்துக்குப் பழகிய மான் சாதுவாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். சுடுபவர்கள் நிற்கும் வரிசையைத் தாண்டி ஒருவர் நடந்து வந்தாலே ஓடும், மிரண்டால் முட்டும். தீனி போடவே கூடாது. விலங்கு இலக்கின் பக்கம் வந்தால் "சுடுவதை நிறுத்து" என்று குரல் கொடுத்து, தோட்டாக்களை எடுத்து, துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து கீழே வைத்துவிட்டு, அது தானாக விலகும்வரை காத்திருக்க வேண்டும்.