சாடி கிடந்த இடம்

நேற்று ஒரு காணொளி கண்ணில் பட்டது. மத்தியதரைக் கடலில் முங்கிய ஒருவர் ரோமானியர் காலத்து ஆம்போரா (இரு கைப்பிடியுள்ள மண்சாடி) ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே வருகிறார். கீழே வரிசையாக இதயக் குறிகள். எனக்கு வயிறு எரிந்தது. சாடி உடையாமல் வந்துவிட்டது, சரி. அது கிடந்த இடம் என்ன ஆயிற்று?

பிரான்சின் தென்கரையில் மத்ராக் த ஜியான் என்று ஓர் இடம். கி.மு. முதல் நூற்றாண்டில் அங்கே மூழ்கிய சரக்குக் கப்பல் சுமார் 40 மீட்டர் நீளம். ஏற்றியிருந்தது 6,000க்கும் மேற்பட்ட மதுச் சாடிகள். நிறைத்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 கிலோ. 1972 முதல் பத்தாண்டு, தொல்லியலாளர் ஆந்த்ரே செர்னியாவின் குழு அவசரப்படாமல் வரைந்து வரைந்து எடுத்தது. கீழடுக்குச் சாடிகளின் தோள்களுக்கு நடுவே மேலடுக்குச் சாடியின் கூரான அடி செருகியிருந்தது. அலையில் குலுங்கினாலும் அசையாது. அரிசி மூட்டை அடுக்கிப் பழகிய கைகளுக்கு அந்த நுட்பம் உடனே புரியும்.

ஆனால் சில இடங்களில் மேலடுக்கையே காணவில்லை. அங்கங்கே சரக்கோடு சம்பந்தமே இல்லாத பெரிய கற்கள். கப்பல் மூழ்கிய பிறகு அந்தக் காலத்திலேயே ஆட்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி இறங்கி, சாடிகளை மீட்டிருக்கிறார்கள்! கல்லை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஏறியிருக்கிறார்கள். நம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களும் கயிற்றில் கட்டிய கல்லில் கால்வைத்துத்தான் இறங்கினார்கள். படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. விலைபோகாத வெறும் கல் சொன்ன கதை இது. யாராவது முதலில் வந்து நல்ல சாடிகளை மட்டும் அள்ளிப் போயிருந்தால்?

அதுவும் நடந்திருக்கிறது. மார்செய் அருகே கிரான் கோங்ளுவே தீவில் 1952இல் கடலாய்வாளர் கூஸ்தோவின் குழு இறங்கியது. நீருக்கடியில் அகழும் முறையே அப்போது உருவாகவில்லை, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எந்தச் சாடி எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற பதிவு ஒழுங்காக இல்லை. ஒரே கப்பல் என்றே எழுதிவிட்டார்கள். 1980களில்தான் தொல்லியலாளர் லுக் லோன் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூழ்கிய இரண்டு கப்பல்கள் அவை என்று காட்டினார்.

இன்று கையில் கேமரா இருக்கிறது. எடுக்காமலே படம் பிடிக்கலாம், அளக்கலாம், தகவல் சொல்லலாம். நீரடிப் பண்பாட்டு மரபைக் காக்க 2001இல் வந்த யுனெஸ்கோ உடன்படிக்கையும் கிடந்த இடத்திலேயே காப்பதைத்தான் முதல் வழியாகப் பரிந்துரைக்கிறது.

அந்தக் காணொளியின் கீழே கேட்டிருக்கிறேன்: எத்தனை மீட்டர் ஆழம், சாடி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, பக்கத்தில் வேறு என்ன கிடந்தது? இன்னும் பதில் இல்லை.