டிஸெக்ட் என்றால் இரண்டாக வெட்டுவது இல்லை

டிஸெக்ட் (dissect) என்ற ஆங்கிலச் சொல்லைச் சிலர் 'டைசெக்ட்' என்றும் உச்சரிப்பார்கள். ஒருவர், "டை என்றால் இரண்டு, எனவே டைசெக்ட் என்றால் இரண்டாக வெட்டுவது" என்று எழுதியிருக்கிறார். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. அதில் இருப்பது இரண்டைக் குறிக்கும் கிரேக்க 'டை' இல்லை. 'தனித்தனியாக' என்று பொருள்படும் லத்தீன் 'டிஸ்'. அப்புறம் 'செகாரே', அதாவது வெட்டுதல். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், எஸ் இரண்டு வரும். இரண்டாக வெட்டுவதற்கு பைசெக்ட் இருக்கிறது. கணக்கு வகுப்பில் கோணத்தை இருசமக்கூறிட்டோமே, அது. அதன் சாயலில்தான் 'டைசெக்ட்' உச்சரிப்பும் பரவியது. அகராதிகள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன, அதனால் உச்சரிப்பில் சண்டை இல்லை.

அந்தக் காலத்து விலங்கியல் ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். மெழுகுத் தட்டில் குண்டூசி குத்திய கரப்பான்பூச்சியை யாராவது இரண்டாக நறுக்கினார்களா? ஓரமாகக் கத்தரித்து, மேல் ஓடுகளை நீக்கி, உணவுக்குழாயை முறியாமல் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. நறுக்கினால் மதிப்பெண் போச்சு.

ஒரு பட்ஜெட்டையோ கிரிக்கெட் ஆட்டத்தையோ டிஸெக்ட் செய்வதும் இதே பொருளில்தான். தமிழில் 'பகுப்பாய்வு' சரிதான், கொஞ்சம் விறைப்பு. 'அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது' கச்சிதம். 'பிரித்து மேய்வது' என்றும் சொல்லலாம், அதில் கொஞ்சம் நக்கல் சேர்ந்துவிடும்.