டயலுக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுக்காதீர்கள்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் பழைய வீடுகளில் பீரோவைக் குடைந்தால், பத்திரங்களுக்கு அடியில் ஒரு ஃபேவர் லூபா கைக்கடிகாரம் அகப்படும். பெரும்பாலும் சீ சீஃப் மாடல், இல்லாவிட்டால் சீ கிங். தாத்தா கல்யாணத்துக்குப் போட்டதாக இருக்கும், அல்லது சிங்கப்பூரிலிருந்து யாரோ கட்டிக்கொண்டு வந்ததாக இருக்கும். எனக்குக் கடிகாரப் பைத்தியம் உண்டு என்று தெரிந்தவர்கள் அதைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "இது எவ்வளவுக்குப் போகும்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண சீ சீஃப் சில ஆயிரம் ரூபாய்க்குப் போகும். ரோலெக்ஸ், ஒமேகா மாதிரி இதை வைத்து நிலம் வாங்க முடியாது. ஆனால் அந்தச் சில ஆயிரத்தோடு அதன் மதிப்பு முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் 1737-ல் ஆபிரகாம் ஃபேவர் என்ற கடிகாரக்காரரிடம் தொடங்குகிறது இந்தப் பெயர். சுவிஸ் கடிகாரப் பெயர்களில் இதைவிட மூத்தது 1735-ன் பிளாங்பான் ஒன்றுதான் என்பார்கள். 1860-களிலேயே பம்பாய்க்கு வந்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் இங்கே நிலைத்து நின்ற சுவிஸ் கம்பெனிகளில் முக்கியமானது இது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு எச்.எம்.டி. பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கும் வரைக்கும், நல்ல கடிகாரம் என்றால் நடுத்தரக் குடும்பங்களில் முதலில் வாயில் வந்த பெயர்களில் ஃபேவர் லூபாவும் ஒன்று.

இந்தக் கம்பெனி வெறும் நகைக்கடை அலங்காரம் செய்துகொண்டிருக்கவில்லை. 1962-ல் பிவுவாக் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். உள்ளே காற்றழுத்தத்தை உணரும் ஒரு சிறிய உலோகப் பெட்டி. மலையேறுகிறவர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறார் என்பதை முள்ளே காட்டும். கைக்கடிகாரத்தில் அப்படி ஒன்று அதற்கு முன் இல்லை. எவரெஸ்ட் உச்சியை 1975-ல் தொட்ட முதல் பெண்ணான ஜப்பானின் ஜுன்கோ தபேய் கையில் இருந்தது பிவுவாக்தான். 1968-ல் வந்த பாத்தி, முக்குளிப்பவர் எத்தனை ஆழத்தில் இருக்கிறார் என்று காட்டியது. அந்த இரண்டுக்கும் இன்று சேகரிப்பாளர்கள் லட்சங்களில் கொடுக்கத் தயார். நம் வீட்டு சீ சீஃப் அந்தக் குடும்பத்தின் சாதுவான பிள்ளை. உராய்வைக் குறைக்க உள்ளே 17 ஜுவல் (சின்னக் கற்கள்), கையால் சாவி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் இந்தப் பக்கத்தில் இதற்கு ஏன் அத்தனை புகழ்? எவரெஸ்டும் கடலடியும் இங்கே யாருக்கும் தெரியாது. எங்கள் பெரியப்பா கையில் இருந்த சீ சீஃபுக்கு ஊரில் மரியாதை வந்தது வாய்க்கால் கரையில். காவிரியில் தண்ணீர் குறைந்த வருடங்களில் முறை வைத்துத்தான் பாயும். இந்த வாய்க்காலுக்கு இத்தனை மணி, அதில் இந்தப் பங்காளிக்கு இத்தனை மணி. கடைமடையில் கால் மணி நேரம் பிசகினால் ஒரு மா நிலம் காயும். ராத்திரி ரெண்டு மணிக்கு மடை அடைக்கும்போது யார் கையில் இருக்கிற நேரம் சரி என்று தகராறு வரும். எங்கள் ஊரில் அதற்குத் தீர்ப்பு பெரியப்பா கையில் இருந்தது. விரோதம் பாராட்டியவர்கள்கூட அவர் மணிக்கட்டில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மடையைக் கட்டினார்கள். ஒரு கம்பெனிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் எந்த மலையுச்சியிலும் கிடைத்திருக்காது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

கப்பல் காலத்தையும் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜுலா கப்பல் போய்வந்த வருடங்களில் கூத்தாநல்லூர், நாகூர், முத்துப்பேட்டைச் சபுராளிகள் (கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள்) இறங்கும்போது பெட்டியில் சென்ட்டும் துணியும், கையில் சுவிஸ் கடிகாரமும் இருக்கும். ஊரில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பக் கப்பல் ஏறியவர்கள் உண்டு. இந்தப் பக்கத்துப் பீரோக்களில் இருப்பவற்றில் கணிசமானவை அப்படி வந்தவை.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

நம் ஊர் ஈரம் கடிகாரத்துக்கு ஆகாது. சேற்றில் இறங்கிய கை, வியர்வை, ஐப்பசி கார்த்திகை மழை எல்லாம் சேர்ந்து சாவித் திருகு வழியாக உள்ளே போய்விடும். வெள்ளை டயல் மெல்ல மஞ்சளாகும், பொட்டுப் பொட்டாகப் புள்ளி விழும். இதைப் பார்த்ததும் பேரப்பிள்ளைகளுக்கு மனசு கேட்பதில்லை. "புதுசு மாதிரி ஆக்கித் தர்றோம்" என்று சொல்லும் இடத்தில் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் டயலைச் சுரண்டிவிட்டு மேலே புதுப் பெயின்ட் அடித்து, கம்பெனிப் பெயரையும் மணற்கடிகார முத்திரையையும் அச்சுக் குத்தித் திருப்பித் தருகிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த நிமிடத்தில் அந்தக் கடிகாரம் செத்துப்போயிற்று.

கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நம் டெல்டாக் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கல் பளபளவென்று ஆனது. சோழர் காலத்து எழுத்து மழுங்கிப்போனது. டயலில் நடப்பதும் அதுதான். ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் சுவிஸ் தொழிற்சாலையில் அச்சடித்த அந்த மெல்லிய எழுத்தை இனி யாரும் திரும்ப அடிக்க முடியாது.

இதில் ஒரு வியாபாரமும் இருக்கிறது. உடைந்த கடிகாரங்களை மூட்டையாக வாங்கி, ஒன்றின் கேஸ், இன்னொன்றின் முள், மூன்றாவதன் மெஷின் என்று சேர்த்து, கம்பெனி கனவிலும் செய்யாத நிறத்தில் டயல் அடித்து இணையத்தில் விற்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு மும்பை ஸ்பெஷல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இதில் அதிகம் அடிபட்ட பெயர்களில் ஃபேவர் லூபா ஒன்று. நம்மிடம் நிஜமானதே அவ்வளவு இருக்கும்போது, இந்தியாவிலிருந்து வருகிறது என்றாலே சந்தேகப்படுகிற நிலைமை. எனக்கு இது பெரிய வேதனை.

வாங்குகிறவர்கள் லென்ஸ் வைத்து டயலைப் பாருங்கள். எழுத்து தடித்து, ஓரம் கசங்கி இருந்தால் வேண்டாம். நிமிடக் கோடுகளும் மணிக்குறிகளும் நேருக்கு நேர் நிற்காவிட்டால் வேண்டாம். அடியில் இருக்கும் சுவிஸ் மேட் எழுத்து கோணலாக இருந்தால் வேண்டாம். பளீர் ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று கண்ணைப் பறித்தால் கிட்டேயே போகாதீர்கள். பின் மூடியைத் திறந்து காட்ட மறுக்கிறவரிடம் பேச்சே வேண்டாம். ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் மெஷினைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள். என் உறவில் ஒருவர் பெரிய ஊரில் ஒரு கடையில் கொடுத்த கடிகாரம், உள்ளே வேறு மெஷினோடு திரும்பி வந்தது.

புள்ளி விழுந்த டயலோடு வைத்துக்கொண்டால் அது ஓடுமா என்று கேட்கலாம். ஓடும். டயலுக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. பழைய ஆயில் காய்ந்து பிசினாகியிருக்கும், கழற்றிக் கழுவிப் புது ஆயில் வைக்க வேண்டும். மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். கீழே விழுந்திருந்தால் பேலன்ஸ் ஸ்டாஃப், அதாவது உள்ளே ஆடும் சக்கரத்தின் அச்சு, ஒடிந்திருக்கும், அதுதான் கொஞ்சம் பெரிய வேலை. பெரியப்பாவின் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்த கும்பகோணத்து வயசான ரிப்பேர்காரரிடம் டயலைப் பற்றி அத்தை கேட்டபோது அவர் சொன்னது: "டயல்ல கை வைக்காதிய ஆச்சி. உள்ள இருக்கறத நான் பாத்துக்குறேன்." ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. இப்படிச் சொல்லக்கூடிய கைகள்தான் இந்தக் கடிகாரங்களை இத்தனை வருடம் ஓட வைத்தன. கடைத்தெருவில் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதர்கள் இல்லாவிட்டால் ஃபேவர் லூபாவுக்கு இங்கே எந்தப் புகழும் மிஞ்சியிருக்காது.

ஏனென்றால் கம்பெனியே நடுவில் இல்லாமல் போயிற்று. 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ செய்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம், சாவி வேண்டாத பேட்டரிக் கடிகாரம், வந்தது. அடுத்த பதினைந்து வருடத்தில் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த சுவிஸ் கடிகாரத் தொழில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்த அலையில் ஃபேவர் குடும்பத்தின் கையை விட்டும் கம்பெனி போனது. பிறகு கை மாறி மாறி, 2011-ல் நம் டைட்டன் அதை வாங்கியது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாக ஒசூரில் தொடங்கிய கம்பெனி, சுவிட்சர்லாந்தின் மிகப் பழைய பெயர்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரர் ஆனது எனக்கு அன்று அவ்வளவு பெருமையாக இருந்தது. 2023-ல் அதை இந்தியாவில் கடிகாரக் கடைகள் நடத்தும் ஈத்தோஸ் குழுமம் வாங்கி, 2024-ல் ஜெனீவாவில் சீஃப், டீப் ப்ளூ, சீ ஸ்கை என்று புது வரிசைகளோடு மறுபடி இறக்கியிருக்கிறது. இப்போதும் முதலாளி இந்தியர்தான்.

புதுக் கடிகாரங்கள் நன்றாகவே இருக்கின்றன. டயலில் 1737 என்று போட்டுக்கொள்ள அவர்களுக்கு உரிமையும் இருக்கிறது. ஆனால் அந்த வருடக்கணக்கை வைத்து விலை சொல்கிறவர்கள், அந்த வருடங்களில் விற்ற கடிகாரங்களுக்கும் பொறுப்பு எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பட்டேக் ஃபிலிப் 1839 முதல் தான் செய்த எந்தக் கடிகாரத்தையும் பழுதுபார்த்துத் தருவதாகச் சொல்கிறது. அது கோடீஸ்வரர்களின் கம்பெனி, ஒத்துக்கொள்கிறேன். ஃபேவர் லூபாவிடம் நான் அவ்வளவு கேட்கவில்லை. சீ சீஃபுக்கும் சீ கிங்குக்கும் பேலன்ஸ் ஸ்டாஃப், மெயின் ஸ்பிரிங், சாவித் திருகு, வாஷர் இந்த நாலையும் புதிதாகச் செய்து நம் ரிப்பேர்காரர்கள் கைக்குக் கிடைக்கும்படி செய்யுங்கள். பழைய டயல்கள் எந்தெந்த நிறத்தில், எந்தெந்த எழுத்தில் வந்தன என்று படங்களோடு ஒரு பட்டியல் வெளியிடுங்கள். போலி வியாபாரம் பாதி அதிலேயே படுத்துவிடும். இந்தப் பெயருக்கு உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவு பாசம் இந்தியாவில்தான் இருக்கிறது. அதை வைத்துப் புதுக் கடிகாரம் விற்க நினைப்பது தப்பே இல்லை, பழையதையும் ஓடவிட்டு விற்கட்டும்.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. டெல்டாவில் பழைய சாவிக் கடிகாரத்தைத் திறந்து முறையாக வேலை பார்க்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். செல்போன் கடைகளுக்கு நடுவில் அவர்கள் இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. உங்களுக்கு அனுபவத்தில் நல்லவர் என்று தெரிந்த கடை இருந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு, ஊரையும் தெருவையும் இங்கே எழுதுங்கள். நான் ஒரே இடத்தில் தொகுத்துப் போடுகிறேன்.