பூனைப் பல்லு சும்மா பட்டுச்சாம்
விலங்கு காப்பகத்துல வேலை செய்யறவங்க பாதுகாப்பு பொறுப்பு மொத்தமும் என் தலையில. கடி வாங்கினா ரெஜிஸ்டர்ல எழுதுங்கப்பான்னு தொண்டை கிழிய கத்தியாச்சு, ஒருத்தரும் எழுதறதில்ல, கேட்டா "பாவம் பயந்துபோய் கடிச்சிருச்சு, எழுதினா அதுக்கு கெட்ட பேரு"ன்னு நாய்க்கு வக்காலத்து வேற! பூனைக்கடி இன்னும் மோசம், மேல சின்ன புள்ளிதான் தெரியும், உள்ள ஆழமா பாஸ்டுரெல்லா கிருமி இறங்கினா ஒரே நாள்ல கை வீங்கிரும். சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவணும்னு சிங்க்குக்கு மேலயே ஒட்டி வச்சிருக்கேன், இவங்க ஜீன்ஸ்ல துடைச்சிட்டு அடுத்த கூண்ட திறக்கறாங்க. கடி வாங்கறதுக்கு முன்னாடியே போட்டுக்கற ரேபிஸ் தடுப்பு ஊசிக்கு ரெண்டு மூணு தடவை வந்தா போதும், அதுக்கும் டைம் இல்லையாம். நாய்ங்களுக்கு மட்டும் தேதி தப்பாம போட்டுடறாங்க!