ஏழு வரைக்குமாவது விட்டிருக்கலாம்

கோத்தகிரி பள்ளி ஆண்டு விழா வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை மேடையில் 381654729 என்று எழுதி விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியவர் மைக்கை வாங்கி, "இதெல்லாம் எதுக்கும்மா, ஒரு பாட்டுப் பாடு" என்றாரே, அதைப் பற்றித்தான். நாலு நாளாக மனசு ஆறவில்லை.

அது சும்மா ஒரு எண் இல்லைங்க. 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு முறை வரும். முதல் இரண்டு இலக்கம் 38, இரண்டால் வகுபடும். 381 மூன்றால், 3816 நாலால், 38165 ஐந்தால், இப்படியே ஒன்பது வரைக்கும் மீதியில்லாமல் போகும். இந்தக் குணம் உள்ள எண் இது ஒன்றுதான். அதை அவள் மனப்பாடம் பண்ணி வந்து ஒப்பிக்கவில்லை. ஐந்தாம் இடத்தில் 5தான் வரும், இரட்டைப்படை இடத்தில் இரட்டைப்படைதான் வரும், அப்போது நடு மூன்று இடத்தில் 258 அல்லது 654 என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, கடைசியில் பத்தே பத்து எண்களில் கொண்டுவந்து நிறுத்தினாள். அந்தப் பத்தில் 987654321ம் உண்டு! மற்ற எல்லா இடத்திலும் வகுபட்டு, முதல் ஏழு இலக்கத்தை ஏழால் வகுக்கும்போது மட்டும் மீதி 5 வந்து விழுந்துவிடும். அந்த இடத்துக்கு அவள் வரும்போதுதான் மைக் போனது.

"பெரியவர் விளையாட்டுக்குச் சொன்னார்" என்கிறீர்கள். சரி, விளையாட்டு என்றால் அவளும் சிரித்திருக்க வேண்டாமா? வீடியோவில் முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள். சாக்பீஸைத் துண்டு துண்டாக ஒடித்துக்கொண்டே நிற்கிறாள்.

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டவர்கள், அவள் பாடியிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்களா? எனக்கும் பாட்டு பிடிக்கும். ஆனால் எட்டாவது படிக்கிற பிள்ளை தானாக யோசித்து ஒரு இடத்துக்கு வந்து சேர்வதும் கேட்க வேண்டிய விஷயம்தான். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் சொல்லிவிடும் என்கிறவர்களோடு பேச எனக்குத் தெம்பில்லை.

என் அப்பா தேயிலை எஸ்டேட்டில் இலை எடை போட்டவர். அஞ்சாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆடி மழையில் கரண்ட் போன ராத்திரிகளில், லைன் வீட்டில் மெழுகுவத்தி வைத்து, எடைச் சீட்டின் பின்பக்கம் 12345679 என்று எழுதுவார். 8 இருக்காது. அதை ஒன்பதால் பெருக்கு என்பார். 111111111. அந்த ஒன்பது ஒன்றையும் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. இதையே அவர் ஆபீஸில் காட்டியபோது, "எடையைப் பாத்து எழுதுய்யா, போதும்" என்றார்களாம். அப்புறம் வெளியில் யாரிடமும் அவர் காட்டவில்லை. சாகும்வரை.

மலைப் பிள்ளைகள் என்றால் பாட்டும் ஆட்டமும் போதும் என்று யார் முடிவு பண்ணினது? நான் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். என் அப்பாவை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை.

அவள் சொல்ல வந்தது இவ்வளவுதான்: 3816547ஐ ஏழால் வகுத்தால் 545221, மீதியில்லை, அந்தப் பத்தில் மற்ற ஒன்பது எண்களுக்கும் அந்த இடத்தில் மீதி வரும். அரை நிமிஷம் ஆகியிருக்கும்.